விசிறி பிடித்த கை

முருகன் துணை
குனோங் ராபாட், ஈப்போ
12-2-1978

பிரியமுள்ள அக்கா முத்தம்மாவுக்கு, தங்கச்சி நல்லம்மாள் கும்பிட்டு எழுதுவது. கல்லுமலை முருகன் புண்ணியத்தில் அவரும் பையன்கள் இருவரும் நானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள், ஆகஸ்டு கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாயாண்டி மாமாவும் உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் அஞ்சலையை ஹுத்தான் மெலிந்தாங்கில் கட்டிக் கொடுத்துவிட்டாய். மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட நீ சம்மதிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். வேறு யோசனை எதுவும் வேண்டாம், இங்கே வந்துவிடு. பின்பக்கம் சாமான் போட்டு வைத்திருக்கும் அறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார், "முத்தம்மாவ இங்க வந்துறச் சொல்லு. அது எங்க போவும்?" சொந்த மாமன் மகன் என்றால் அந்தப் பாசம் இருக்கத்தானே செய்யும்.

இன்னொரு சங்கதி. துரையும் துரைசானியும் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள் அல்லவா, துரைசானி போன வாரம் இவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். இவர் பங்களாச் சமையலை விட்டு ஈப்போவில் கிளப்பு வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் அந்த அம்மாள் மறக்கவில்லை. பீங்கான் தட்டு, பெரிய சட்டி, ஏதாவது உபயோகப்படுகிறதாகக் கொடுப்பாள் என்று நானும் அடுக்கில் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். இவர் சின்ன லாரி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தது ஒரு படம். கிட்டத்தட்ட என் உயரம். எண்ணெய்ச் சாயத்தில் எழுதிய ஒரு வெள்ளைக்காரி. துரைசானிக்குப் பாட்டியின் பாட்டியாம். அமெரிக்காவில் தெற்குப் பக்கம் பெரிய பருத்தித் தோட்டக்காரியாம். விலைக்கு வாங்கிய அடிமை ஆட்கள் இருநூறு பேர் இருந்தார்களாம். நூறு வருஷத்துக்கு மேல் ஆனதாம். கறுப்புப் பட்டு கவுன், கழுத்து வரைக்கும் வெள்ளை லேஸ், சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி, பின்னால் தூண் வைத்த மாளிகை. பூச்சி அரித்துப் பழுதாகிவிட்டதால் இங்கேயே விட்டுப் போகிறாளாம்.

முன் ஹாலில் மாட்டியிருக்கிறார். முருகன் படம் இருந்த ஆணியில்.

நீ என்றைக்கு வருகிறாய் என்று எழுது. பாய் தலையணை இங்கே இருக்கிறது, சுமக்காதே.

உன் தங்கச்சி,
நல்லம்மாள்


சுங்கை சிப்புட் தோட்டம்
5-3-1978

என் உயிருக்கு உயிரான தங்கச்சி நல்லம்மாளுக்கு அக்காவின் ஆசீர்வாதம். நீயும் பிள்ளைகளும் மச்சானும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் முன்னைப் போலத்தான். மேட்டு மரத்துக்கு ஏறும்போது மட்டும் சொல்லிக்காட்டுகிறது.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வா என்று நீ எழுதிய இடத்தை மட்டும் இன்னும் ஒரு தடவை படித்தேன். புது முதலாளி ஆட்கள் வந்து மரங்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெட்டப் போகிற மரம் அது. என் நிரையில் எல்லா மரத்துக்கும் அடித்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சன்னாசி குடும்பம் தைப்பூசத்தோடு போய்விட்டது. அவர்கள் விட்டுப்போன கோழி என் வாசலில் வந்து நிற்கிறது.

ஆகஸ்டு வரைக்கும் பால் வெட்டு இருக்கும் என்கிறார் ஆபீஸ் கிராணி. அதை முடித்துக்கொண்டு வருகிறேன். எனக்கென்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு மூலை போதும்.

உங்கள் வீட்டு முன் சுவரில் மழைக்கு ஈரம் ஏறும் என்று முன்பு சொல்லியிருந்தாய். இப்போதும் ஏறுகிறதா?

அன்புள்ள அக்கா,
முத்தம்மா


முருகன் துணை
குனோங் ராபாட்
20-3-1978

அன்பு அக்காவுக்கு வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

உன் மச்சான் அந்தப் படத்துக்காரிக்குத் தொண்டு செய்ய ஆரம்பித்துவிட்டார். காலையில் எழுந்ததும் மெல்லிய துணியால் துடைக்கிறார். சுவரில் ஈரம் ஏறுமே என்று படத்துக்குப் பின்னால் கார்க் துண்டு வைத்திருக்கிறார். பசாருக்குப் பக்கத்தில் இருக்கும் சீனனிடம் புதுச் சட்டம் போட்டிருக்கிறார். எங்கள் கல்யாணப் படத்துக்குச் சட்டம் உடைந்து நாலு வருஷமாகிறது, அது அலமாரிக்கு மேலே படுத்திருக்கிறது. வேலை விட்டு வந்தால் சாய்வு நாற்காலியை அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்காருகிறார். பேப்பர் கையில் இருக்கிறது, கண் பேப்பரில் இல்லை.

வருகிறவர்கள் கேட்கிறார்கள், "யாருலா இது, ராணியா?" பக்கத்து வீட்டுப் பியாட்ரிஸ் அக்கா வாசலில் நின்று படத்தைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "எந்த அர்ச்சிஷ்டவரும்மா இவங்க?" என்றாள். "அர்ச்சிஷ்டவரும் இல்ல, ஆத்தாளும் இல்ல. ஆளுங்கள வெலைக்கு வாங்குன பொம்பள," என்றேன். பாவம், போட்ட சிலுவையைத் திருப்பி எடுக்க முடியாமல் முழித்தாள். பூக்காரி ஒரு வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்த மல்லிகையைச் சட்டத்தில் சுற்றிவிட்டுப் போனாள். அதற்கு இவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்பிள்ளைக்குப் பெயர்கூட இருக்கிறது. இவர் சொல்லியிருக்கிறார். நான் எழுத மாட்டேன்.

செத்து நூறு வருஷமான வெள்ளைக்காரி மேல் எனக்கு என்ன பொறாமை என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பதினெட்டு வருஷமாக இவர் வீட்டில் விளக்கேற்றுகிறேன். என்னை அவர் எதிரே நாற்காலி போட்டு ஒரு நாள் பார்த்ததில்லை.

உன் நல்லம்மாள்


சுங்கை சிப்புட் தோட்டம்
9-4-1978

தங்கச்சிக்கு அக்காவின் ஆசீர்வாதம். பிள்ளைகளுக்கு என் முத்தம். மழை விடவில்லை, பால் வெட்ட முடியாத நாள்தான் அதிகம். அதனால் கடிதம் எழுத நேரம் கிடைத்தது.

நீ எழுதியதைப் படித்துச் சிரிக்கத்தான் செய்தேன், பியாட்ரிஸ் அக்கா சிலுவையைத் திருப்பி எடுக்க முடியாமல் முழித்ததற்கு. மற்றதற்குச் சிரிக்கவில்லை. மச்சான் பங்களாவில் பதினைந்து வருஷம் கிடந்தவர். எதையோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆம்பிளைகளுக்கு வயசு நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான் எதிலாவது கண்ணை நட்டுவைப்பார்கள். உன் மாமா கடைசி வருஷம் ஒரு கறையான் புற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கிற ஒரு படத்தோடு உனக்கு என்ன போட்டி? அது இறங்கி வந்து உன் அடுப்பைப் பிடுங்கப் போகிறதா?

லயத்தில் இப்போது மூன்று வீட்டில்தான் அடுப்பு எரிகிறது. ராத்திரி பன்றி வந்து வாழையைத் தின்கிறது. ஆகஸ்டு என்பது தூரத்தில் இருக்கிற மாதிரி இருந்தது, இப்போது இல்லை. அறை ஒழித்தாகிவிட்டதா?

உன் அக்கா


முருகன் துணை
குனோங் ராபாட்
30-4-1978

அக்காவுக்கு வணக்கம். நலம். நலம் அறிய ஆசை.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. திருப்புகழ் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள். அதனால் எந்தக் கடிதமானாலும் கணக்கு நோட்டின் பின்பக்கம் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் எழுதுவேன். உனக்கு எழுதிய இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். கவுனை எழுதியிருக்கிறேன், லேஸை எழுதியிருக்கிறேன், நாற்காலியை எழுதியிருக்கிறேன். அவள் கையில் விசிறி இருக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை.

பங்களாவுக்குள் எப்படி இருக்கும் என்று சின்ன வயசில் நான் கேட்டபோதெல்லாம், "நமக்கு என்னத்தத் தெரியும், கேட்டுக் கதவத் தாண்டிப் போனாத்தான" என்பாய். அப்புறம் விசிறி எப்படித் தெரிந்தது?

சும்மாதான் கேட்கிறேன். அறையில் பாதி ஒழித்தாகிவிட்டது.

நல்லம்மாள்


சுங்கை சிப்புட் தோட்டம்
28-6-1978

என் தங்கச்சி நல்லம்மாளுக்கு ஆசீர்வாதம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சல் வந்துவிட்டது. இப்போது கஞ்சி இறங்குகிறது.

விசிறியைப் பற்றிக் கேட்டிருந்தாய். மச்சான்தான் எப்போதாவது சொல்லியிருப்பார். அந்தக் காலத்து வெள்ளைக்காரிகள் படத்தில் விசிறி இல்லாமல் இருப்பார்களா.

கோவில் அம்மனை வேறு இடத்துக்குக் கொண்டுபோக நாள் பார்த்திருக்கிறார்கள். பால் வெட்டு ஜூலையோடு நின்றுவிடுமாம். மருமகன் ஜெயபாலன் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். "அத்தை, நம்ம வீட்ல வந்து இருங்களேன். யார் என்ன சொல்லப்போறா?" என்றார். நல்ல பிள்ளை. தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், எல்லாம் பேசியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பேசியாகிவிட்டதுதானே, நல்லம்மா?

உன் அக்கா


முருகன் துணை
குனோங் ராபாட்
15-7-1978

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு, நல்லம்மாள் எழுதுவது. நீங்கள் காய்ச்சல் தெளிந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆடி பிறக்கப் போகிறதென்று வீடு கழுவினேன். ஹாலில் ஒட்டடை அடிக்க முக்காலி போட்டு ஏறினேன். அந்தப் படத்தை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்தது கிடையாது, பார்க்கப் பிடிக்காது. அன்றைக்கு என் கண்ணுக்கு நேரே வந்தது முகம் அல்ல, மடி. அவளுக்கு ஒரு கைதான் தெரிகிறது, வலது கை. மற்றது லேஸுக்குள் போய்விட்டது. அந்த வலது கையில்தான் விசிறி. படம் முழுக்கச் சாயம் பழசாகி விரிசல் விட்டிருக்கிறது. அந்தக் கையில் மட்டும் விரிசல் இல்லை. அப்புறம் யாரோ எழுதியது.

மோதிர விரல் நுனி குட்டையாக இருக்கிறது. நகம் இல்லை. உள்பக்கமாக வளைந்திருக்கிறது.

ரப்பர் சீட் அடிக்கிற மெஷினில் ஒரு பிள்ளையின் விரல் போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடக்கப் பழகினேன் என்று அம்மா சொல்லுவாள்.

ஒழித்த அறையில் தையல் மெஷினைப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஆட்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். இடம் நெருக்கமாகத்தான் இருக்கிறது. தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ரா. நல்லம்மாள்


சுங்கை சிப்புட் தோட்டம்
6-8-1978

நல்லம்மா,

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். அதை எப்போதும் போல முதலில் எழுதிவிடுகிறேன். உனக்கு எழுத்து வராத காலத்தில்கூட நீ என்னை நீங்கள் என்று கூப்பிட்டதில்லை.

நீ கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்கிறேன். அது என் கைதான்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு இருக்கும். பங்களாச் சுவரில் கறையான் ஏறி, படத்தில் மற்ற இடத்தை எல்லாம் விட்டுவிட்டு அந்தக் கையையும் பாதி விசிறியையும் தின்றுவிட்டது. துரைசானிக்குப் படம் எழுத வரும். மாதிரிக்கு ஒரு பெண்பிள்ளையின் கை வேண்டும் என்று சமையல்கட்டில் கேட்டிருக்கிறாள். மச்சான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். வெளிக்காட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த என்னை, வேலை வாங்குகிற மண்டோர் கூப்பிட்டு அனுப்பினார். கை கால் கழுவிக்கொண்டு போனேன். வெளியில் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னாள். கல்யாணத்துக்கு இருக்கிற பெண் பங்களாவுக்குள் போய் வந்தாள் என்று பேச்சு வந்தால் அதோடு முடிந்தது அல்லவா. அதனால்தான் உன்னிடமும் சொன்னதில்லை.

வராந்தாவில் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அதற்கு முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மடியில் கையை வைத்து விசிறியைக் கொடுத்தாள். நான் குறை விரலை மடக்கி ஒளித்தேன். அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வந்து விரலை நிமிர்த்தினாள். ஏதோ சொன்னாள். "உள்ளது உள்ளபடிதான் எழுதுவாங்களாம், மறைக்காத" என்று மச்சான் தமிழில் சொன்னார். நிறத்தை மட்டும் வெள்ளையாக்கினாள். அதில் மட்டும் உள்ளபடி எழுதவில்லை.

படம் எழுதி முடிகிற வரைக்கும் சாயங்காலம் ஆனால் மச்சான் தேத்தண்ணித் தட்டோடு வருவார். துரைசானிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் எழுந்திருக்கப் போவேன். "அசையாத புள்ள, படம் கெட்டுரும்" என்பார். இடது கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் நல்லம்மா. அதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை, ஒரு பார்வை இல்லை. நான் சும்மா உட்கார்ந்திருக்க இன்னொருவர் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தது என் ஆயுசில் அந்த நாட்களில்தான்.

அந்த வருஷம் தை மாசம் மாமா மச்சானுக்குப் பெண் கேட்டு வந்தது என்னைத்தான். அதுவும் உனக்குத் தெரியாது. அத்தை என் கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். குத்துவிளக்கு ஏற்றுகிற கையில் குறை இருக்கக் கூடாது, சின்னவள் வளரட்டும், காத்திருக்கிறோம் என்றாள். எனக்கு மாயாண்டி மாமாவைத்தான் பிடித்திருந்தது என்று அம்மா உன்னிடம் சொன்னாள். சொல்லட்டும் என்று நானும் இருந்தேன். பிற்பாடு பிடித்தும் போனது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். உன் கல்யாணத்துக்கு மஞ்சள் அரைத்தது நான். ஆரத்தி எடுக்க மட்டும் என்னை விடவில்லை.

எனக்குப் பொறாமை இல்லை என்று அம்மன் முன்னால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. உன் வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கினதில்லை. ஏன் என்று நீ கேட்டதில்லை. உன் குழாயடி, உன் அலமாரி, அவர் சட்டை காய்கிற உன் கொடி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு பஸ் ஏறுவேன்.

அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி நான் மச்சானிடம் கேட்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டார் என்று நீ எழுதிய அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். கேட்டுக்கொள், இதுதான் என் தப்பு. உன் வீட்டு நடு ஹாலில் என் கை இருக்கட்டும் என்று சந்தோஷப்பட்டேன்.

அறையில் தையல் மெஷின் இருக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


முருகன் துணை
குனோங் ராபாட்
22-10-1978

அக்கா, உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுகிறேன். நீ இப்போது எங்கே இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்றுகூடத் தெரியாமல் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன். தபால்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. ஆகஸ்டு முடிந்ததும் எனக்குத் தெரியும். நாள்காட்டியில் தாளைக் கிழித்ததே நான்தான். தெரிந்தேதான் எழுதாமல் இருந்தேன். விளக்கேற்றிவிட்டு முருகன் முன்னால் உட்கார்ந்து, அவள் வராமல் இருக்கட்டும் என்று வேண்டியிருக்கிறேன். சஷ்டி விரதம் இருக்கிற வாயால் வேண்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மீன் செதிலெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த நாற்காலியில் இருந்தார். என்னமோ வந்தது, அப்படியே எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் நின்றேன்.

"இது யாரு கைங்க?"

பேப்பரை மடித்து வைத்தார். "தெரிஞ்சுதான கேக்குற."

"எனக்குத் தெரிஞ்சத நீங்க வாயால சொல்லணும்."

"ஒங்க அக்கா கை."

"அத எதுக்கு நடுவூட்டுல மாட்டி வச்சுப் பாக்குறீங்க?"

பையன்கள் வெளியே பந்து விளையாடுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் சொன்னார். "அந்தக் கைய வேற எங்கயும் சும்மா இருந்து நான் பாத்ததில்ல. துரைசானி அதைத் தூக்கி எறியப்போனா. படத்துல கை மாறிப்போச்சு, எங்க அண்ணன் வூட்டுல இத எங்க பாட்டின்னு ஒத்துக்க மாட்டாங்கன்னா. தூக்கிப்போட மனசு வரல."

"என் கைய சும்மா இருந்து பாத்துருக்கீங்களா? பதினெட்டு வருசமா ஒங்க வூட்டுலதான இருக்கு."

இரண்டு கையையும் நீட்டினேன். செதில் ஒட்டியிருந்தது. அவர் பார்த்தார். படத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார், அக்கா. எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்புறம் அடுப்படிக்குப் போய் மிச்ச மீனை அவரே கழுவினார். கிளப்பில் நூறு பேருக்குச் சமைக்கிற மனிதர் என் அடுப்படியில் கை நனைத்தது அதுதான் முதல் தடவை. மீனை நான் வெட்டுவதைவிடச் சீராக வெட்டுகிறார். அதற்கும் எரிச்சல் வந்தது.

முருகனைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டேன். அவர் நாற்காலிக்கு எதிரே இப்போது முருகன்தான். தையல் மெஷினை ஹாலுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டேன். அதற்கு எதிர்ச் சுவரில் அந்தப் படம். தைக்கும்போது நிமிர்ந்தால் என் கண்ணுக்குத்தான் அது தெரியும், அவருக்குத் தெரியாது. உன் கை, என் பக்கத்தில் இருக்கட்டும்.

எனக்கு மனசு முழுக்க ஆறிவிட்டது என்று எழுதினால் பொய். பாதி ஆறியிருக்கிறது. அறை காலியாக இருக்கிறது. இந்தப் பாதியோடு கூப்பிடுகிறேன், வா.

உன் நல்லம்மாள்


ஹுத்தான் மெலிந்தாங்
3-12-1978

தங்கச்சி நல்லம்மாளுக்கு அக்காவின் ஆசீர்வாதம். உங்கள் எல்லோருக்கும் ஒரு குறையும் வராது. உன் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அது பூட்டிக் கிடந்ததால் சுங்கை சிப்புட் தபாலாபீசில் தங்கி, பழைய கிராணி பார்த்து விலாசம் எழுதி அனுப்பி, தீபாவளி கழித்துத்தான் என் கைக்கு வந்தது.

லயத்தை இடித்துவிட்டார்கள். கடைசி நாளைக்கு முதல் நாள் ஜெயபாலன் வேன் கொண்டுவந்தார். நான் ஏறிக்கொண்டேன். சன்னாசி வீட்டுக் கோழியும் கூட வந்தது. இங்கே ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அஞ்சலைக்கு மாமியார்கூட நல்ல மாதிரி. ஆனாலும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. மீன் கொட்டகையில் இறால் உரிக்கப் போகிறேன். நாள் முழுக்கத் தண்ணீரில் இருப்பதால் குறை விரல் மரத்துப்போகிறது. மற்ற விரலுக்கு முள் குத்தினால் தெரியும், அதற்குத் தெரியாது. ஒரு வகையில் நல்லதுதான்.

பாதியோடு கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். முழுசாக என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நிரந்தரமாக வரமாட்டேன், நல்லம்மா. உன்னிடம் மிச்சம் இருக்கிற பாதி என்னிடமும் இருக்கிறது. இரண்டும் ஒரு கூரைக்கு அடியில் இருந்தால் ஒன்றையொன்று தினமும் கிள்ளிக்கொண்டிருக்கும். அந்த மனிதர் மீன் கழுவியே ஓய்ந்து போவார்.

பொங்கலுக்கு வருகிறேன். நாலு நாள் இருப்பேன், இரண்டு ராத்திரி இல்லை. விருந்தாளியாக வருகிறேன். பாத்திரம் தேய்க்க மாட்டேன், கோலம் போட மாட்டேன், உன் தேங்காயைத் துருவ மாட்டேன். நாற்காலியை அந்தப் படத்துக்கு எதிரே போட்டு வை. சாயம் காய்வதற்குள் என்னை வெளிக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதி முடித்த பிறகு நான் அதைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் நீ தேத்தண்ணி போட்டு எடுத்துக்கொண்டு வா. அவரிடம் கொடுத்து அனுப்பாதே, நீயே வா. என் கையில் கொடு. நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன் அக்கா,
முத்தம்மா